பற்றாக்குறைக் காலத்தில் ஊராட்சிக்கு வர வேண்டிய பங்கைக் காப்பது எப்படி: வேலூர் மாவட்டத் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

அரசுக்குப் பணம் தட்டுப்பாடு என்றால் அந்தச் சூடு முதலில் உறைப்பது கிராம ஊராட்சிக்குத்தான். எரிந்துபோன மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்பப் பணம் இருக்காது. மேல்நிலைத் தொட்டியை (ஓ.எச்.டி.) இயக்கும் ஆபரேட்டருக்குச் சம்பளம் தள்ளிப்போகும். தெருவிளக்கு பல்புக்குக் கடையில் கடன் சொல்ல வேண்டி வரும்.

அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம் பக்கத்துத் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள் பலரோடு உட்கார்ந்து ஊராட்சிக் கணக்கைப் பார்த்து வருகிறேன். பெரும்பாலோர் இடறுவது ஒரே இடத்தில்தான். பணம் குறைந்ததும் நேராக மனு எழுதி எம்.எல்.ஏ. வீட்டுக்கோ கலெக்டர் அலுவலகத்துக்கோ போய்விடுகிறார்கள். “எவ்வளவு குறைந்தது, எந்த மாதத்தில், எந்தத் தலைப்பில்?” என்று அங்கே ஒருவர் கேட்டால் கையில் பதில் இல்லை. மனு கட்டில் சேர்ந்துவிடுகிறது.

ஆகவே இதில் வரிசை முக்கியம். முதலில் உங்கள் கணக்கு, அடுத்தது எழுத்து, பிறகு கிராம சபை, அதன் பிறகே மேலிடம். ஒரு படியைத் தாண்டினால் அடுத்த படியில் நிற்க முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஊராட்சியின் எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் கடந்த இரண்டு நிதியாண்டுகளின் ஸ்டேட்மென்ட். பாஸ்புக் மட்டும் போதாது. பல ஊராட்சிகளில் அது மாதக்கணக்கில் அச்சடிக்கப்படாமல் கிடக்கும். அச்சடித்தாலும் வரவின் விவரம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும்.

ஊராட்சியின் பெயரில் உள்ள எல்லா மின் இணைப்பு எண்களின் பட்டியல், வரி கேட்பு வசூல் நிலுவைப் பதிவேடு, தீர்மான நோட்டு, கடைசித் தணிக்கை அறிக்கை ஆகியவையும் வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்கத் தலைவருக்கு முழு உரிமை உண்டு. ஊராட்சிச் செயலரைச் சந்தேகிக்கிற தொனியில் கேட்காதீர்கள். அடுத்த பல மாதங்களுக்கு அவர் துணை இல்லாமல் இந்த வேலை நகராது.

1. எந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள்

ஊராட்சிக்கு வரும் பணம் நான்கு வகை. மாநில நிதிக்குழு மானியம், அதாவது எல்லோரும் எஸ்.எஃப்.சி. என்று சொல்வது, முதல் வகை. மத்திய நிதிக்குழு மானியம் இரண்டாவது. முத்திரைத்தாள் தீர்வை மீதான கூடுதல் வரி, சிறுகனிம உரிமத்தொகை போல அரசு வசூலித்து உள்ளாட்சிக்குக் கொடுக்கும் ஒப்படைப்பு வருவாய் மூன்றாவது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருவாய் நான்காவது.

பிரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் நெருக்கடியில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் குறையும். எஸ்.எஃப்.சி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயோடு கட்டுண்டது. சில கழிவுகள் போக மிஞ்சும் நிகர வருவாயில் 10 சதவீதம் ஊரகம், நகர்ப்புறம் இரண்டுக்கும் சேர்த்து உள்ளாட்சிகளுக்கு என்பது கணக்கு. வரி வசூல் இறங்கினால் இதுவும் தானாக இறங்கும். அதை வெட்டு என்று சொல்ல முடியாது. விகிதத்தைக் குறைப்பதும், வர வேண்டியதைத் தாமதிப்பதும், வழியில் பிடிப்பதும்தான் வெட்டு.

மத்திய நிதிக்குழு மானியம் வேறு மாதிரி. அது நிபந்தனையோடு வருவது. வசூல் குறைந்ததால் அல்ல, நிபந்தனை தவறியதால்தான் பெரும்பாலும் நிற்கும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. மாநில பட்ஜெட்டின் மொத்தத் தொகையில் 10 சதவீதம் நமக்கு என்று சிலர் கணக்குப் போட்டு, பெரிய எண்ணை மேடையில் சொல்லிவிடுகிறார்கள். மத்திய வரிப் பங்கு, மத்திய மானியம், கடன் எதுவும் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் சேராது. மாநில ஜி.எஸ்.டி., விற்பனை வரி, பத்திரப்பதிவு, வாகன வரி, ஆயத்தீர்வை போன்றவையே சேரும். தப்பான எண்ணோடு ஒருமுறை போனால் அடுத்த முறை சரியான எண்ணையும் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

2. உங்கள் பக்கத்து நிபந்தனைகளை முதலில் முடியுங்கள்

மத்திய மானியத்துக்கு 15வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு வைத்த விதிகளைப் பாருங்கள். முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் இணையத்தில் இருக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருக்க வேண்டும். மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்குச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது.

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். எஸ்.எஃப்.சி. தாமதமானதும், மத்திய மானியத்திலிருந்து சம்பளப் பாக்கியைத் தீர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார்கள். தணிக்கைத் தடை உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

2026 ஏப்ரலிலிருந்து 16வது நிதிக்குழுவின் ஐந்தாண்டு. பழைய விதி அப்படியே தொடரும் என்று நினைத்துக்கொள்ளாமல், புதிய வழிகாட்டு நெறிமுறைகளின் நகலை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.) எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் ஏற்றப்படும் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைத் தட்டிப் பாருங்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் ஏற்றப்பட்டிருக்கிறதா, வரவும் செலவும் வங்கி ஸ்டேட்மென்ட்டோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பொருந்தவில்லை என்றால் மனு எழுதும் முன் அதைத் திருத்துங்கள். மேலே போய்க் கேட்கும்போது முதல் எதிர்க்கேள்வி “உங்க கணக்கு ஏத்தியாச்சா?” என்பதுதான். அதற்கு ஆமாம் என்று சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

நீங்கள் கைப்பிடியாக வைத்துக்கொள்ளத் தக்க விதி ஒன்றும் அதே 15வது நிதிக்குழுவின் பரிந்துரையில் உண்டு. மத்திய அரசு விடுவித்த மானியத்தை 10 வேலை நாட்களுக்குள் மாநிலம் உள்ளாட்சிக்கு அனுப்ப வேண்டும், தவறினால் வட்டியோடு தர வேண்டும். 2021-26 காலத் தவணை ஏதாவது உங்கள் கணக்கில் பிந்தி ஏறியிருந்தால் இதைச் சொல்லி எழுதலாம். அதற்குத் தேதி வேண்டும். தேதி அடுத்த படியில் கிடைக்கும்.

3. மாதவாரி வரவுப் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நீளவாட்டு லெட்ஜர் நோட்டு ஒன்று போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிதியாண்டு. ஏப்ரல் முதல் மார்ச் வரை பன்னிரண்டு வரி. கட்டங்கள் ஆறு: எந்த மாதத்துக்கான எஸ்.எஃப்.சி., நமக்கு ஒதுக்கப்பட்ட தொகை, விடுவிப்பு உத்தரவின் எண்ணும் தேதியும், கணக்கில் ஏறிய தொகை, ஏறிய தேதி, வித்தியாசம். மத்திய மானியத்துக்கும் ஒப்படைப்பு வருவாய்க்கும் தனித்தனிப் பக்கம் போடுங்கள்.

ஒதுக்கீட்டுத் தொகை எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். மாநில நிதிக்குழு மானியத்தில் ஒவ்வொரு கிராம ஊராட்சிக்கும் ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு, அதற்கு மேல் மக்கள்தொகைப்படி ஒரு பங்கு உண்டு. இவை சேர்ந்த ஊராட்சிவாரிப் பட்டியல் ஒன்றிய அலுவலகத்திலும், கலெக்டர் அலுவலக வளாகத்தில் உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) அலுவலகத்திலும் இருக்கும். ஒன்றியத்தில் கேட்கும்போது கிராம ஊராட்சிகளுக்கான பி.டி.ஓ.விடம் கேளுங்கள். வட்டார ஊராட்சி பி.டி.ஓ.விடம் கேட்டுவிட்டு “இங்கே இல்லை” என்ற பதிலோடு திரும்புகிற புதியவர்கள் நிறைய.

ஒரு மாத வரியை எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. ஒதுக்கீடு 1,20,000 ரூபாய், கணக்கில் ஏறியது 78,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 42,000. இதில் மின் கட்டணத்துக்காகத் தனியே ஒதுக்கியது 30,000, குடிநீர் வடிகால் வாரியத்துக்கு 9,000. இரண்டும் சேர்ந்து 39,000. மிச்சம் 3,000 ரூபாய்க்குப் பெயர் இல்லை.

கேள்வி கேட்க வேண்டியது அந்தப் பெயரில்லாத 3,000 பற்றித்தான். வித்தியாசம் 42,000 முழுவதையும் “பிடித்துவிட்டார்கள்” என்று எழுதினால், 39,000-க்குக் கணக்குக் காட்டிப் பதில் அனுப்பிவிட்டு அந்த 3,000-ஐப் பேச்சிலேயே எடுக்கமாட்டார்கள். மாதம் 3,000 என்றால் ஆண்டுக்கு 36,000. சின்ன ஊராட்சிக்கு அது கோடையில் மோட்டாரை ஓட வைக்கிற பணம்.

இந்த நோட்டில் பென்சில் வேண்டாம். மாதக் கடைசியில் தலைவரும் துணைத்தலைவரும் கையெழுத்துப் போடுங்கள். காசோலையில் இருவர் கையெழுத்துக் கேட்பதற்கு என்ன காரணமோ அதே காரணம் இதற்கும்: பின்னால் ஒருவர் மறுக்க முடியாது.

4. கரண்ட் பில்லையும் குடிநீர்க் கட்டணத்தையும் பிரித்துப் பாருங்கள்

அரசின் வெட்டு என்று ஊர் நினைப்பதில் ஒரு பகுதி உண்மையில் தவறான பில். இதைச் சரிசெய்ய யாருடைய தயவும் வேண்டாம் என்பதால் மேலிடத்துக்குப் போகும் முன் இதை முடித்துவிடச் சொல்வேன்.

மின் இணைப்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்று நேரில் பாருங்கள். பாலாற்று ஓரத்து ஊராட்சிகளில் வற்றிப்போய்க் கைவிட்ட கிணறும் தூர்ந்துபோன போர்வெல்லும் நிறைய. தண்ணீர் நின்று வருடக்கணக்கானாலும் அந்த இணைப்பு உயிரோடுதான் இருக்கும், நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். பயன்படாத இணைப்பைத் துண்டிக்கத் தீர்மானம் போட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து, முத்திரையிட்ட ரசீது வாங்குங்கள்.

அடுத்தது கட்டண வகை. ஊராட்சியின் தெருவிளக்கும் பொதுக் குடிநீர் மோட்டாரும் இரண்டு-ஏ (II-A) வகையில் வர வேண்டும். புதிய மோட்டார் அறைக்கு இணைப்பு வாங்கும்போது அவசரத்தில் வணிக வகையில் போட்டு, பிறகு மாற்றாமலே விட்டுவிடுவது உண்டு. பில்லின் தலைப்பிலேயே வகை அச்சாகியிருக்கும். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கூட்டுக் குடிநீர். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் ஊராட்சிகளில் தரைமட்டத் தொட்டிக்கு வரும் குழாயில் மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாத மீட்டருக்குச் சராசரி போட்டு பில் வரும். தண்ணீர் வராத நாட்களும் அதில் சேர்ந்துவிடும். ஓ.எச்.டி. ஆபரேட்டரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, தினமும் காலையில் மீட்டர் அளவையும் தண்ணீர் வந்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். வாரியத்தோடு பேச உட்காரும்போது அந்த நோட்டுதான் உங்கள் சாட்சி. எழுதுகிறவருக்கு மாதக் கடைசியில் சம்பளம் சரியாகப் போய்ச் சேருகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊராட்சியின் பற்றாக்குறையைத் தன் வயிற்றில் சுமப்பவர் பல ஊர்களில் அவரும் தூய்மைக் காவலரும்தான்.

5. விளக்கத்தை எழுத்தில் கேளுங்கள்

இப்போது பெயரில்லாத தொகை எவ்வளவு என்று தெரியும். பி.டி.ஓ. (கிராம ஊராட்சி) அவர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள், நகலை உதவி இயக்குநருக்கு அனுப்புங்கள். மாதம், தொகை, தலைப்பு, எந்த அரசாணையின்படி பிடிக்கப்பட்டது என்ற கேள்வி. அவ்வளவுதான். ஊரின் கஷ்டத்தை இதில் எழுதாதீர்கள். அதற்கு இடம் கிராம சபை. இந்தக் கடிதம் குமாஸ்தா மேசையில் ஐந்து நிமிடத்தில் பதில் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும்.

பெறுகைப் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். போனில் சொன்னேன், வாட்ஸாப்பில் போட்டேன் என்பதெல்லாம் பின்னால் நிற்காது.

பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தலைவர் என்ற பதவியில் அல்ல, குடிமகன் அல்லது குடிமகள் என்ற முறையில் உங்கள் பெயரில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. வார்டு உறுப்பினரும், பதவியில் இல்லாத ஊர்க்காரரும் இதைச் செய்யலாம். சில சமயம் அவர்கள் செய்வதே நல்லது, தலைவருக்கும் அலுவலகத்துக்கும் உள்ள அன்றாட உறவு கெடாது.

மனுவில் “ஏன்” என்று கேட்காதீர்கள். “ஏன் குறைத்தீர்கள்” என்ற கேள்விக்குப் பதிவேட்டில் பதில் இருக்காது என்று திருப்பிவிடுவார்கள். “இன்ன நிதியாண்டில் இன்ன ஊராட்சிக்கான ஒதுக்கீட்டுப் பட்டியல், விடுவிப்பு உத்தரவுகள், பிடித்தத்துக்கான அரசாணை ஆகியவற்றின் நகல்” என்று கேளுங்கள்.

6. கிராம சபையில் சரியான தீர்மானம் போடுங்கள்

ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பங்கீட்டைப் பற்றிய தீர்மானத்துக்கு என் பரிந்துரை நவம்பர் 1-உம் ஜனவரி 26-உம். மாநிலத்தின் திருத்த மதிப்பீடும் அடுத்த ஆண்டு பட்ஜெட்டும் பிப்ரவரி, மார்ச்சில் வருகின்றன. மே மாதம் போடும் தீர்மானம் பந்தி முடிந்த பிறகு போடுகிற இலை.

வரவு செலவைச் சொல்லும் படிவம் 30-ஐ வாசிக்கும்போதே உங்கள் மாதவாரிப் பதிவேட்டையும் வாசியுங்கள். வர வேண்டியது இவ்வளவு, வந்தது இவ்வளவு என்று. ஊர் கேட்ட பிறகு போடும் தீர்மானத்துக்குக் கனம் வேறு.

நான் பார்க்கும் தீர்மானங்களில் பெரும்பாலானவை “ஊராட்சிக்குப் போதிய நிதி ஒதுக்க அரசைக் கேட்டுக்கொள்வது என ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்று முடியும். இதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்:

“இவ்வூராட்சிக்கு இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை மாநில நிதிக்குழு மானியமாக ஒதுக்கப்பட்ட தொகை இவ்வளவு, வரவு வைக்கப்பட்டது இவ்வளவு, மின் கட்டணம், குடிநீர்க் கட்டணம் போக விளக்கமில்லாத குறைவு இவ்வளவு. இக்குறைவுக்கான அரசாணை விவரத்தை 30 நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும், நிலுவையை விடுவிக்கும் தேதியைக் குறிப்பிடவும் ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்பட்டது.”

குறைவெண் வரம்பை, அதாவது கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பதை, கவனியுங்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எண்ணிக்கை சேராமல் போட்ட தீர்மானத்தை ஒரு வரியில் தள்ளிவிடலாம். வேலைக்குப் போகிற பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வையுங்கள். தண்ணீர்ப் பஞ்சத்தின் கணக்கு அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தீர்மானம் எழுதி முடித்து, கடைசி வரிக்குக் கீழே கோடு போட்ட பிறகே கையெழுத்து வாங்குங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி வைத்துப் பின்னால் நிரப்பும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அதை அனுமதிக்கவே கூடாது.

7. பக்கத்து ஊராட்சிகளோடு சேர்ந்து ஒப்பிடுங்கள்

ஒரு ஊராட்சியில் 3,000 குறைந்தால் அது எழுத்தர் பிழையாக இருக்கலாம். ஒன்றியம் முழுக்க ஒரே விகிதத்தில் குறைந்தால் அது மேலிருந்து வந்த முடிவு. இரண்டுக்கும் போக வேண்டிய இடம் வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் பத்து ஊராட்சியின் பதிவேடு போதும்.

வேலூர், அணைக்கட்டு, கணியம்பாடி, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு என்று நம் மாவட்டத்தில் ஏழு ஒன்றியம். ஒவ்வொன்றிலும் கட்சி பார்க்காமல் இரண்டு, மூன்று தலைவர்கள் ஒரே படிவத்தில் எழுதினாலே மாவட்டப் படம் கிடைத்துவிடும். அணைக்கட்டின் மலை ஊராட்சிகளான பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லையைக் கட்டாயம் சேருங்கள். சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களுக்குக் குழாய் நீளம் அதிகம், பராமரிப்புச் செலவு அதிகம், வரி விதிக்கக்கூடிய கட்டடம் குறைவு. பற்றாக்குறை அங்கேதான் ஆழமாகப் பாயும், அங்கிருந்துதான் குரலும் குறைவாக வரும்.

8. பட்ஜெட்டைப் படித்துவிட்டு எம்.எல்.ஏ.விடம் போங்கள்

மாநில பட்ஜெட் ஆவணங்கள் நிதித்துறை இணையதளத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு துறையின் செலவுக்கும் சட்டமன்றத்தின் ஒப்புதல் கேட்பது மானியக் கோரிக்கை. ஊரக வளர்ச்சிக்கு அதன் எண் 42, நகராட்சி நிர்வாகத்துக்கு 34. அதில் 3604 என்ற கணக்குத் தலைப்புதான் உள்ளாட்சிகளுக்கான பங்கீட்டுக்குரியது. ஒரே வரியில் முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டு பட்ஜெட் மதிப்பீடு, திருத்த மதிப்பீடு, அடுத்த ஆண்டு மதிப்பீடு என்று நான்கு எண்கள் இருக்கும்.

பட்ஜெட் மதிப்பீட்டுக்கும் திருத்த மதிப்பீட்டுக்கும் நடுவில் எவ்வளவு விழுந்தது என்று பாருங்கள். பிறகு அதே இரண்டு மதிப்பீட்டிலும் மாநிலத்தின் சொந்த வரி வருவாய் எவ்வளவு விழுந்தது என்று பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் சூத்திரம் வேலை செய்கிறது. வரி வருவாய் கொஞ்சம் இறங்கி உள்ளாட்சிப் பங்கு நிறைய இறங்கியிருந்தால் அங்கேதான் உங்கள் கேள்வி.

காட்பாடி, வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தினான்குப்பம், குடியாத்தம் என்று மாவட்டத்துக்கு ஐந்து சட்டமன்ற உறுப்பினர்கள். மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் அவர்களிடம் போங்கள், ஒரு தாளோடு. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லோருக்கும் ஒரே தாள்.

எங்களுக்கு இத்தனை லட்சம் வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதாதீர்கள். நெருக்கடிக் காலத்தில் தொகை கேட்டால் “இல்லை” என்பது நியாயமான பதிலாகிவிடும். விகிதத்தையும் தேதியையும் கேளுங்கள். 10 சதவீதம் குறையக் கூடாது. மாதாந்திர விடுவிப்புக்கு ஒரு தேதி வேண்டும். நிலுவை எந்தத் தவணையில் வரும் என்று சொல்ல வேண்டும். புதிய திட்டத்தின் செலவை எஸ்.எஃப்.சி.யிலிருந்து பிடித்தால் அதை விடுவிப்பு உத்தரவிலேயே தனி வரியாகக் காட்ட வேண்டும். இவற்றில் எதற்கும் கூடுதலாக ஒரு ரூபாய் தேவையில்லை என்பதால் மறுப்பது கடினம்.

அரசுக்கு நெருக்கடி இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தலைமைச் செயலகத்துக்கு ஒரு செலவைத் தள்ளிப்போட வழி உண்டு, கடன் வாங்க வழி உண்டு. ஊராட்சிக்கு இரண்டும் கிடையாது. ஆகவே சுமையைச் சமமாகப் பகிர்வது என்பதற்குக்கூட ஊராட்சியின் பங்கை முன்னால் விடுவிப்பதுதான் பொருள் என்று நினைக்கிறேன்.

9. சொந்த வருவாயை இதே நேரத்தில் தூக்குங்கள்

இதை எட்டுப் படிக்குப் பிறகு செய்ய வேண்டியதில்லை, கூடவே செய்யுங்கள். காட்பாடி சுற்றுவட்டாரத்தில் விடுதிகளும் அடுக்குமாடிகளும் எழுந்த ஊராட்சிகளில் பல கட்டடங்கள் இன்னும் பழைய ஓட்டு வீட்டு வரியில்தான் இருக்கின்றன. தெருத் தெருவாக ஒரு கணக்கெடுப்பு நடத்தினால் விட்டுப்போன கட்டடங்கள் தெரியும். வரியை இணையத்தில் கட்ட வசதி வந்துவிட்டதால் வசூல் செய்யும் அலைச்சலும் குறைந்திருக்கிறது.

தொழில் வரியில் எல்லை பாருங்கள். தோல் தொழிற்சாலை, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை எதுவானாலும் கட்டடம் எந்த ஊராட்சியில் இருக்கிறதோ அங்கே வரி வர வேண்டும். பெயர்ப்பலகையில் பக்கத்து டவுன் பெயர் இருப்பதால் வரி அங்கே போய்க்கொண்டிருப்பது உண்டு. கல்குவாரி உள்ள ஊராட்சிகள் உரிமத்தொகை எந்தச் சர்வே எண்ணுக்கு, எந்த ஊராட்சிக்குப் போகிறது என்று கனிமவளத் துறையிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

10. வரப்போகும் கணக்கெடுப்பையும் ஏழாவது மாநில நிதிக்குழுவையும் விடாதீர்கள்

பங்கு பிரிப்பதில் மக்கள்தொகை பெரிய அளவுகோல். இன்றுவரை 2011 கணக்குதான். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். உங்கள் ஊராட்சியின் எல்லாக் குக்கிராமமும், புதிய மனைப்பிரிவும், மலையடிவாரக் குடியிருப்பும் உங்கள் ஊராட்சியின் பெயரில் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஒரு குடியிருப்பு தவறிப்போனால் அதன் பங்கு அடுத்த கணக்கெடுப்பு வரை போய்விடும்.

ஆறாவது மாநில நிதிக்குழுவின் காலம் 2022-27. அடுத்த ஐந்தாண்டு விகிதத்தை ஏழாவது குழுவின் பரிந்துரையை வைத்து அரசு முடிவு செய்யும். அதற்கு மனு அனுப்பும்போது மூன்றாவது படியில் தொடங்கிய பதிவேட்டின் நகலை இணையுங்கள். அரசியல் சாசனத்தின் 243-ஐ (243-I) பிரிவின்படி குழுவின் பரிந்துரையும், அதன் மீது அரசு எடுத்த நடவடிக்கையின் விளக்கமும் சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். வைத்ததும் வாங்கிப் படியுங்கள்.

11. பதவிக்காலம் முடியும் முன் ஒப்படைக்க வேண்டியது

மாநிலத்தின் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது. 2025 ஜனவரியில் காலம் முடிந்து, அங்கெல்லாம் தனி அலுவலர்கள் வந்தார்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உட்பட 9 மாவட்டங்களுக்குத் தேர்தல் 2021 அக்டோபரில். ஐந்தாண்டு 2026 அக்டோபரில் முடிகிறது. தேர்தல் தள்ளிப்போனால் பி.டி.ஓ.வே தனி அலுவலர். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாத காலத்தில் மத்திய மானியம் நிற்கும் ஆபத்து உண்டு என்பதை 2016-க்குப் பிறகு தேர்தல் நடக்காத ஆண்டுகளில் தமிழ்நாடே பார்த்தது.

ஆகவே கடைசி மூன்று மாதத்தில் வர வேண்டிய எல்லா மத்தியத் தவணைக்குமான ஆவணங்களையும் ஏற்றி முடியுங்கள். பாதியில் நிற்கும் வேலைகளின் அளவுப் புத்தகத்தை முடித்து பில் அனுப்புங்கள். தேர்தலை உரிய காலத்தில் நடத்தக் கோரி ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே ஒரு தீர்மானம் போட்டு, மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு நகல் அனுப்புங்கள்.

பொறுப்பை ஒப்படைக்கும்போது வரவுப் பதிவேடு, மின் இணைப்புப் பட்டியல், தண்ணீர் மீட்டர் நோட்டு, விளக்கம் கேட்ட கடிதங்களின் நகல் நான்கையும் ஒப்படைப்புப் பட்டியலில் தனித்தனி வரியாக எழுதி, பெறுபவரின் கையெழுத்தைத் தேதியோடு வாங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் முழு ஜெராக்ஸ் ஒரு செட் எடுத்து, பதவி எதுவும் இல்லாத, கிராம சபைக்குத் தவறாமல் வருகிற ஊர்க்காரர் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த கிராம சபையில் நிலுவையைக் கேட்கப் போவது அவர்கள்தான்.